‘கூ’ என்ற ஃபிரெஞ்சுச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி இது: “பாரிஸில் ஓர் உணவகச் சமையலறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் ‘கூ’ என்றால் அடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பார்த்தால் உதவி கேட்கும்போதும் கூ, போன் பண்ணும்போதும் கூ, மேசையைத் துடைக்கச் சொல்லும்போதும் கூ. அகராதியைத் திறந்தால் பத்தி பத்தியாக அர்த்தம் போகிறது. இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?”

மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தச் சொல்லுக்கு ஐம்பது அர்த்தம் இருப்பதுபோல் அகராதி காட்டும். உள்ளே ஓடுவது ஒரே எண்ணம்தான்: ஒரு செயல் ஒரே தடவையில், சட்டென்று, தொடங்கிய வேகத்திலேயே முடிந்துபோவது. அப்படி முடிந்த ஒரு துண்டுச் செயலின் பெயர்தான் கூ. அடி என்பது அதில் முதலில் வந்த பொருள், அவ்வளவுதான். எதைக்கொண்டு நடந்தது என்பதைப் பின்னால் வரும் சொல் சொல்லும். யார் செய்தார், யார்மேல் வந்து விழுந்தது என்பதை முன்னால் வரும் வினைச்சொல் சொல்லும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், கேள்விப்படாத தொடர்கூட முக்கால்வாசி தானாகவே புரிந்துவிடும்.

தமிழ் பேசுகிறவருக்கு இது ஒன்றும் புதிதில்லை. நாம் போன் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், ஹார்ன் அடிக்கிறோம், கண்ணடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, ஒருவருக்கு லாட்டரி அடிக்கிறது, இன்னொருவர் தண்ணி அடிக்கிறார். இதில் எங்கேயும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் குழந்தையிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு குழப்பமும் வருவதில்லை. நாம் ‘அடி’ என்ற வினையை வைத்துச் செய்வதை ஃபிரெஞ்சுக்காரர்கள் ‘கூ’ என்ற பெயர்ச்சொல்லை வைத்துச் செய்கிறார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். நம் வெயில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். கூ அப்படி நீளாது. அதற்கு ஒரு தொடக்கமும் உடனே ஒரு முடிவும் வேண்டும்.

முதலில் உச்சரிப்பு. எழுதும்போது ஸே, ஓ, உய், பே என்று நான்கு எழுத்து; கடைசிப் ‘பே’ வாயில் வராது. கழுத்து, செலவு, ‘தைக்கிறான்’ ஆகியவற்றுக்கான ஃபிரெஞ்சுச் சொற்களும் காதுக்கு இதே கூதான், எழுத்து மட்டும் வேறு. ஆண்பால் சொல், ஆகவே ‘அன் கூ’. இந்த ‘அன்’னில் இருக்கும் னகரத்தை முழுதாகச் சொல்லாமல் மூக்கால் விட்டுவிடுங்கள், கீழே வருகிற ‘மேன்’, ‘வான்’ எல்லாவற்றுக்கும் அப்படியே.

சரி, உங்கள் சமையலறைக்கே வருவோம். ‘கூ த பலே’ என்றால் துடைப்பத்தால் ஒரு பெருக்கு. ‘கூ தேபோன்ஜ்’ ஸ்பாஞ்சால் ஒரு துடைப்பு, ‘கூ த தோர்ஷோன்’ துணியால் ஒரு துடைப்பு. யாராவது ‘பாஸே அன் கூ த பலே’ என்று சொன்னால், தரையை அலசிக் கழுவச் சொல்லவில்லை, சட்டென்று ஒரு பெருக்குப் பெருக்கிவிடச் சொல்கிறார். அந்த ‘சட்டென்று ஒரு’ என்பதுதான் கூ. இதே கூ த பலே செய்தித்தாளில் வந்தால், ஓர் அலுவலகத்திலோ கட்சியிலோ பலரை ஒரே மூச்சில் வெளியேற்றியதைக் குறிக்கும்.

‘கூ த ஃபெ’ என்பதில் ஃபெ நெருப்பு. தெருவிலும் செய்தியிலும் அது துப்பாக்கிச் சூடு. சமையலறையில் அதுவே, எல்லா மேசை ஆர்டரும் ஒரே நேரத்தில் வந்து குவிகிற அந்தப் பரபரப்பு வேளை. ‘கூ த ஃபெ’ நேரத்தில் விடுமுறை கேட்காதே என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

‘கூ த மேன்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேன் என்றால் கை. ‘தொன்னே அன் கூ த மேன்’ உதவி செய்வது. நம் ‘ஒரு கை கொடு’ அப்படியே. ஆனால் ‘அன்’ இருந்த இடத்தில் ‘ல’ வந்து, ‘அவுவார் ல கூ த மேன்’ என்றால் கைப்பக்குவம் இருக்கிறது என்று பொருள். மாவைப் பார்க்காமலே பதம் சொல்கிற பேக்கரிக்காரருக்கு இருப்பது அது. ராணுவப் பேச்சிலோ கூ த மேன் என்றால் எதிரி எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து தாக்கிவிட்டுத் திரும்புவது. உதவி, பக்குவம், திடீர்த் தாக்குதல் என்று மூன்றும் தொடர்பில்லாதவைபோலத் தெரியும். மூன்றிலும் ஒரு கை, ஒரு வீச்சு, வேலை முடிந்தது.

கையை விட்டுக் கட்டைவிரலுக்குப் போனால் ‘கூ த பூஸ்’. சின்னதாக ஒரு தூக்கிவிடல். சம்பளம் வாங்குகிறவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று கணக்குப்படி தானாகத் திருத்தப்படும். அதற்கு மேல் அரசு தன் விருப்பத்தில் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கூடுதலைத்தான் பத்திரிகைகள் ‘கூ த பூஸ்’ என்று எழுதுகின்றன.

இப்போது வினைச்சொல். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பின்னால் வருவது கை, கால், துடைப்பம், கத்தி என்று ஒருவர் கையாளும் பொருளாக இருந்தால் அதை ஒருவர் ‘கொடுக்கிறார்’ (தொன்னே), அல்லது ஓட்டிவிடுகிறார் (பாஸே). பின்னால் வருவது வெயில், குளிர், முதுமை என்று நம் கையில் இல்லாத ஒன்றாக இருந்தால் நாம் அதை ‘வாங்கிக்கொள்கிறோம்’ (ப்ராந்த்ர்) அல்லது நமக்கு அது ‘இருக்கிறது’ (அவுவார்). ‘ப்ராந்த்ர் அன் கூ த வியே’ என்றால் திடீரென்று வயதாகிப்போனதுபோல் ஆவது. ‘அவுவார் அன் கூ த பார்’ என்றால் வேலை நடுவில் சட்டென்று அசதி வந்து சாய்ப்பது. இந்தக் கொடுக்கல் வாங்கலை வைத்தே, தெரியாத ஒரு தொடர் ஒருவர் செய்ததா, ஒருவர்மேல் வந்ததா என்று ஊகித்துவிடலாம்.

வெயில் விஷயத்தில் இந்த ஊகம் மட்டும் போதாது. உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம் ஒன்று உண்டு. ‘கூ த ஸோலேய்’ என்பதில் ஸோலேய் சூரியன். ஆனால் அது தோல் சிவந்து எரிவது மட்டும்தான். கடற்கரையில் படுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வருவது. உடம்பின் சூடு ஏறி, பேச்சுக் குழறி, நினைவு தப்பும் ஆபத்தான நிலை ‘கூ த ஷலேர்’. ஷலேர் வெப்பம். 2003 ஆகஸ்டில் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அதற்குப் பிறகு கோடைதோறும் வரும் எச்சரிக்கைகளில் இந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்க முடியாது. அடுப்பருகே நிற்கும் உங்களுக்கு இது பக்கத்துச் சொல். கூட வேலை செய்பவர் மயங்கினால் அவசர மருத்துவ உதவி எண் 15-ஐ அழைத்து ‘கூ த ஷலேர்’ என்று சொல்லுங்கள். அங்கே ‘ஸோலேய்’ என்று சொல்லிவிட்டால் தோல் எரிச்சல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

காற்றுக்கும் ஒரு கூ உண்டு: ‘கூ த வான்’. வீசிவிட்டுப் போகும் ஒரு காற்று. யாராவது உங்கள் வீட்டுக்கு ‘ஆன் கூ த வான்’ வந்துபோனார் என்றால் உட்காரக்கூட இல்லை என்று அர்த்தம். கடலில் அதுவே துல்லியமான அளவு. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலின் 8-ஆம் எண்ணுக்கு ஃபிரெஞ்சு வானிலை அறிக்கையில் அதுதான் பெயர். சுரங்கத்துக்குள் இறங்கினால் ‘கூ த க்ரிஸூ’, நிலக்கரிச் சுரங்கத்தின் எரிவாயு வெடிப்பு. வடக்கே கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று 1,099 பேரைக் கொன்றது நிலக்கரித் தூள் பற்றி வெடித்த வெடிப்பு. சுரங்கத் தொழிலாளர்கள் அதை ‘கூ த பூஸியேர்’ என்பார்கள். பூஸியேர் என்றால் தூசு. ஒரு கணம்தான், அதனால் அதுவும் கூ.

தொலைபேசி அழைப்பு ‘கூ த ஃபில்’. ஃபில் கம்பி. கம்பி போய்க் கைபேசி வந்த பிறகும் சொல் போகவில்லை. ‘பாஸே அன் கூ த ஃபில்’ என்று பழகுங்கள். நண்பர்களிடமும் மேலாளரிடமும் தயங்காமல் சொல்லலாம். கண்ணுக்கு ‘கூ தேய்’: ஒரு பார்வை பார்ப்பது. ‘ஜெத்தே அன் கூ தேய்’ என்றால் பார்வையை ஒருமுறை வீசுவது. இதயத்துக்கு ‘கூ த கேர்’. புத்தகக் கடைகளில் சில நூல்கள்மேல் கடைக்காரரே கையால் எழுதி வைத்த சீட்டில் இந்தச் சொல் இருக்கும். தனக்கு மனசாரப் பிடித்தது என்கிறார்.

காதலுக்கு ‘கூ த ஃபூத்ர்’. ஃபூத்ர் என்பது விழுகிற இடி. வானத்தில் தெரியும் மின்னலுக்கு ‘எக்லேர்’, கேட்கும் முழக்கத்துக்கு ‘தோனேர்’ என்று வேறு சொற்கள் உண்டு. வந்து தாக்குவது எதுவோ அதை மட்டுமே காதலுக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்டதும் காதல் என்று நாம் சொல்வதில் கண்ணுக்குத்தான் வேலை. இவர்கள் பேச்சில் இடி விழுந்தவர் வாங்கிக்கொள்கிறவர், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டையோ ஊரையோ பார்த்த உடனே பிடித்துப்போனாலும் இதையே சொல்லலாம்.

தலைக்கு வரும் ‘கூ த தேத்’ இரண்டு பொருள் உள்ளது. ஒன்று, தலையால் முட்டுவது. இன்னொன்று, யோசிக்காமல் சட்டென்று எடுக்கும் முடிவு. கோபத்தில் வேலையை விட்டுவிடுவது மாதிரி. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் பிரான்சின் ஸிதான், இத்தாலியின் மாத்தெராஸ்ஸியின் மார்பில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினாரே, அந்த ஒரு காட்சிக்கு இரண்டு பொருளும் பொருந்தும். தெருப்பேச்சில் முட்டுவதை மட்டும் தனியாகச் சொல்ல ‘கூ த பூல்’ இருக்கிறது.

ஆட்டங்களுக்குள் போனால் கூ என்பது ஒரு முறை ஆடுவது. சதுரங்கத்தில் ஒரு காய் நகர்த்தல் அன் கூ. டென்னிஸில் ‘கூ த்ருவா’ என்றால் வலக்கைக்காரர் வலப்பக்கமிருந்து அடிக்கும் நேரடி அடி. கால்பந்தில் ‘கூ ஃப்ரான்’ ஃப்ரீ கிக், ‘கூ தான்வுவா’ ஆட்டத்தின் தொடக்க உதை. குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிப்பது ‘கூ பா’. வெளியே அது முறைகேடான, கீழ்த்தரமான எந்தச் செயலுக்கும் ஆகும். நாடக அரங்கில் திரை தூக்கும் முன் தடியால் மேடைத் தரையில் தட்டுவதை ‘லே த்ருவா கூ’ என்பார்கள், மூன்று தட்டு.

இனி காலம் பற்றிய தொடர்கள். பேச்சில் இவைதான் அதிகம் வரும், இவற்றில் ஒரு பொருளும் கருவியும் இல்லாததால் புதியவருக்குப் பிடிபடாது. கூ இங்கே ஒரு தடவை, ஒரு கணம். ‘துய் ப்ரமியே கூ’ முதல் தடவையிலேயே. ‘ஸ்யுர் ல கூ’ அந்தக் கணத்திலேயே; விபத்துச் செய்தியில் ‘சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்’ என்று நாம் எழுதுமிடத்தில் வரும். ‘ஆப்ரே கூ’ எல்லாம் முடிந்த பிறகு. ‘தூ தா கூ’ திடீரென்று. ‘தூ தன் கூ’ பழைய வழக்கில் ஒரேயடியாக. இப்போது அதையும் திடீரென்று என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நம் ‘ஒரேயடியாக’ என்பதிலும் அடி இருப்பதைக் கவனியுங்கள். ‘தனீர் ல கூ’ தாக்குப்பிடிப்பது. ‘ஸா வோ ல கூ’ அந்த முயற்சிக்குத் தகுந்தது, போய்ப் பார்க்கலாம். ‘புவார் அன் கூ’ ஒரு மடக்குக் குடிப்பது, அதாவது வேலை முடிந்து சேர்ந்து ஏதாவது குடிக்கப் போவது. மது அருந்தாதவரும் அழைப்பை ஏற்றுப் போகலாம், பழச்சாறு குடித்தாலும் அது அன் கூதான்.

இவற்றில் ‘துய் கூ’ தனி ரகம். முன்பு ‘அந்த அடியோடு, உடனே’ என்ற பொருள் இருந்தது. இப்போது ‘அதனால’, ‘அப்போ’, ‘சரி அப்புறம்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிறது. ஃபிரெஞ்சு மொழிக்கான அமைப்பான ஃபிரெஞ்சு அகாதமி இந்தப் பழக்கத்தை ஏற்கவில்லை. கனடாவில் ஃபிரெஞ்சு பேசும் கியூபெக் மக்கள் பிரான்சிலிருந்து வந்தவரை இந்த ஒரு சொல்லை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். என் கருத்தில், பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள், சமையலறையில் அது இல்லாமல் பேசினால்தான் புத்தகம் படிப்பதுபோல் இருக்கும். வேலைக்கு விண்ணப்பம், மாகாண அலுவலகத்துக்குக் கடிதம் போன்றவற்றில் மட்டும் அதை எடுத்துவிட்டு ‘தோன்க்’ போடுங்கள்.

சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் இன்னும் நான்கைந்து சொற்கள் இலவசமாகக் கிடைக்கும். கிரேக்கத்தில் ‘கோலஃபோஸ்’ என்றால் கன்னத்தில் விழும் அறை அல்லது குத்து. லத்தீனுக்கு வந்து ‘கோலஃபுஸ்’, மக்கள் பேச்சில் சுருங்கி ‘கோல்புஸ்’. ஸ்பானியர்களின் ‘கோல்பே’யும் இத்தாலியர்களின் ‘கோல்போ’வும் அதன் பிள்ளைகள். 1100-ஐ ஒட்டிய பழைய ஃபிரெஞ்சு வீரகாவியமான ரோலானின் பாடலில் வாள்வீச்சுகளுக்கெல்லாம் ‘கோல்ப்’ என்றே வருகிறது. பிறகு லகரம் கரைந்து ஊகாரமாகிப் பகரமும் ஊமையாகிவிட்டது. இந்தக் கூவிலிருந்து பிறந்த வினைதான் ‘கூப்பே’, வெட்டுவது. ஓங்கி ஓர் அடியில் துண்டாக்குவது. வெட்டி எடுத்த துண்டு ‘கூப்போன்’. நம் ஊர் கூப்பனும், இலங்கையில் ரேஷன் அட்டைக்கு வழங்கிய கூப்பனும் அங்கிருந்து ஆங்கிலம் வழியாக வந்தவை. (உலகக் கோப்பையைக் குறிக்கும் ‘கூப்’ வேறு குடும்பம், அது கிண்ணம்.)

எல்லோரும் முதல் நாளே கற்கும் ‘மெர்ஸி போகூ’விலும் இது இருக்கிறது. ‘போ’ அழகான, நல்ல; ‘கூ’ அடி. ஒரு நல்ல அடி என்பது ஒரு பெரிய அளவு என்றாகி, நிறைய என்றாகி, அதுவரை நிறைய என்பதற்கு இருந்த ‘மூல்த்’ என்ற பழைய சொல்லை மெல்ல ஓரங்கட்டிவிட்டது. ஊமையான அந்தப் ‘பே’ இங்கே சில சமயம் கண்விழிக்கும்: அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘போகூ-பாப்ரி’, நிறையக் கற்றேன். கடைசி ஊகாரத்தை நம் ‘ஊ’ போலவே சொல்லுங்கள். ஃபிரெஞ்சு மாதிரி இருக்கட்டும் என்று உதட்டைக் குவித்து ‘உய்’ ஆக்கினால் அது பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிடும்.

உலக மொழிகளுக்கெல்லாம் போன ‘கூ தேத்தா’ ஆட்சிக்கவிழ்ப்பு. ‘ஏத்தா’ அரசு. ஆனால் அரசின்மேல் விழும் அடி என்று தொடக்கத்தில் பொருள் இல்லை, அரசே அடிக்கும் அடி. கப்ரியேல் நோதே என்ற ஃபிரெஞ்சு அறிஞர் 1639-இல் வெளியிட்ட நூல் இதைப் பற்றியதுதான். சட்டத்தையும் வழக்கத்தையும் தாண்டி, ரகசியமாகத் திட்டமிட்டு, ஆட்சியாளர் திடீரென்று செய்யும் காரியங்களை அவர் அப்படி அழைத்தார். புராட்டஸ்டண்டுகள் கொன்று குவிக்கப்பட்ட 1572-இன் புனித பார்த்தலோமியு நாள் படுகொலையும் அதில் ஓர் எடுத்துக்காட்டு. 1799 நவம்பர் 9 அன்று தளபதி போனபார்ட் ஆட்சிக் குழுவைத் தூக்கி எறிந்தபோது இன்றைய பொருளுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் 1851 டிசம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தவர் பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியனே. நோதேயின் பழைய பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. ஃபிரெஞ்சில் பேசும்போது வெறும் ‘கூ’ என்று சொன்னால் யாரும் ஆட்சிக்கவிழ்ப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘தேத்தா’வைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தோற்றுப்போன ராணுவக் கலகத்துக்குப் பெரும்பாலும் ‘புட்ச்’ என்ற ஜெர்மன் சொல். 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் தளபதிகள் செய்ததற்கு அதுதான் பெயர்.

பின்னால் ‘த’ வராமல் ‘துய்’ அல்லது ‘த லா’ வந்தால் கொஞ்சம் கவனியுங்கள், பல சமயம் அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தையோ தந்திரமோ. ‘கூ துய் லப்பேன்’, முயல் அடி: முயலைப் பிடரியில் அடித்துக் கொல்வதிலிருந்து வந்தது. இன்று கார் மோதலில் கழுத்து சொடுக்கிக்கொள்வதை இப்படிச் சொல்கிறார்கள், மருத்துவமனையில் உங்களிடமே கேட்கலாம். ‘கூ த லா பான்’ என்பது ஆள் இல்லாத சாலையில் கார் நின்றுவிட்டதாக நடித்து, கூட வந்தவரை மயக்கப் பார்ப்பது. பான் என்றால் வண்டி பழுது.

கடைசியாக எச்சரிக்கை இரண்டு. ‘தீரே அன் கூ த ஃபெ’ என்றால் துப்பாக்கியால் சுடுவது, செய்தியில் தினமும் வரும். அதிலிருந்து ‘த ஃபெ’யை விட்டுவிட்டால் படுக்கை பற்றிய கொச்சையாகிவிடும். ஒருவரைப் பார்த்து ‘நல்ல கூ’ என்பதும் அப்படியே. இரண்டையும் வாயில் எடுக்காதீர்கள். அடுத்தது எழுத்து: உதை என்பதற்கான ‘கூ த பியே’வில் நாம் பேசிய கூ, ஊமைப் ‘பே’யோடு வரும். பாதத்தின் மேல்மேட்டுக்கும் காதுக்கு அதே ஒலிதான், ஆனால் அங்கே இருப்பது கழுத்து என்ற பொருளுள்ள கூ, ‘பே’ கிடையாது. சமையலறையில் காலில் ஏதாவது விழுந்து விபத்துப் படிவம் நிரப்பும்போது அந்த ஓர் எழுத்தைப் பார்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பாத்திரம் விழுந்த காயம், யாரோ உதைத்த காயம் என்று பதிவாகிவிடும்.